மைக்கக்காவின் முகம்

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உள்ள பெரிய கூடத்தில் காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சுவரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதையும் பார்ப்பதில்லை. எல்லாரும் பார்ப்பது மைக்கக்காவின் முகத்தைத்தான்.

மைக்கக்கா உட்கார்ந்திருப்பது மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர் என்று தடுத்த ஓர் இடத்தில். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு மைக், தியேட்டருக்குள்ளிருந்து பேச ஒரு போன். கட்டியவர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்துப் பலகைகூட மாட்டியிருக்கிறார்கள். ஆனால் பெருக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அது 'கூண்டு'தான். காலையில் கூண்டுக்குள் போகிறவள் சாயங்காலம்தான் வெளியே வருவாள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயத்தில் இருக்கும் மனிதர்களுக்கு எல்லாருமே அக்காதான்.

வேலை என்னவோ சின்ன வேலை. உள்ளே ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் போனில் சொல்வாள்: இன்ன கட்டில், நல்லபடியாக இருக்கிறார். இல்லாவிட்டால், இன்ன கட்டில், காப்பாற்ற முடியவில்லை. எது வந்தாலும் மைக்கக்கா மைக்கில் சொல்ல வேண்டியது ஒன்றேதான். "ஏழாம் கட்டில் கூட வந்தவங்க கதவுகிட்ட வாங்க. டாக்டர் பேசுவார்." சேதியைச் சொல்வது டாக்டரின் வேலை. பெஞ்சிலிருந்து எழுந்து கதவு வரைக்கும் அவர்கள் நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு, கூடத்தில் சேதி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. பிழைக்காது என்று எல்லாரும் நினைத்திருந்த ஒரு குழந்தை கண் விழித்துவிட்டதாக நர்ஸ் போனில் சொன்னாள். மைக்கக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டாள். குழந்தையைப் பெற்றவர்கள் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தார்கள். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றது வேறொரு குடும்பம். அக்கா தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், உறவுக்கெல்லாம் போன் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களுடைய சேதி வந்தது. அது அவர்கள் நினைத்த சேதியாக இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் வெளியே போகும்போது கூண்டைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். பெரிய சத்தமெல்லாம் போடவில்லை. "இங்க இருக்கிற வரைக்கும் உன் மூஞ்சி உன்னுது இல்லம்மா, அது ஹாலுக்குச் சொந்தம். அதுல ஒண்ணையும் காட்டாதே" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லிவிடலாம். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? பல்லைக் கடித்துப் பார்த்தாள், முறைப்பதுபோல் இருந்தது. நாக்கைக் கடித்துப் பார்த்தாள், வலித்தது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். போன் மணி அடித்தவுடன், காலையில் வீட்டு வாளியில் ஊறவைத்துவிட்டு வந்த துணியை நினைத்துக்கொள்வாள். படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை, எல்லாம் நுரை அடங்கிய கலங்கல் தண்ணீருக்குள் அமுங்கிக் கிடக்கும். அதை நினைத்தால் சிரிப்பும் வராது, அழுகையும் வராது. முகம் அப்படியே படுத்துவிடும்.

ஆனால் கூடத்தில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா கண்ணாடியைத் துடைத்தால் நல்ல சேதி, தண்ணீர் குடித்தால் கெட்ட சேதி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார், எப்போது என்று தெரியாது. பெஞ்சுக்குப் பெஞ்சு கைமாறி அது சாஸ்திரம் ஆகிவிட்டது. ஒருநாள் தாகம் தாங்காமல் பாட்டிலை எடுத்து வாயில் வைத்தாள். எதிரே ஒரு அம்மாள் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து மைக்கக்கா தண்ணீர் குடிப்பது மேஜைக்குக் கீழே குனிந்துதான். தும்மலும் அங்கேதான்.

சரி, வீட்டுக்குப் போனாலாவது முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டலாமே என்பீர்கள். வீட்டுக் கதை வேறு.

அவள் புருஷன் பெயிண்டர். மாடி மாடியாகச் சாரம் கட்டி ஏறி, சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிற மனிதர். தெருமுனையில் சீட்டிச் சத்தம் கேட்டால் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். கோபம் மூக்கின்மேல் இருக்கும், ஆனால் அரைமணி நேரத்தில் இறங்கிவிடும். ஒருநாள் சாரம் சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் திரும்பி வரவே இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. பத்து வருஷத்துக்கு மேலாக உள்ளறைக் கட்டிலில் கிடக்கிறார். அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் கிழவி அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வாள். அந்த அறையின் மேல்தளத்துக்கு அவர்தான் வெள்ளையடித்தார். அவசரத்தில் ஒரே ஒரு பூச்சு. இரண்டாவது பூச்சு அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். இப்போது காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அந்தத் திட்டுத்திட்டான மேல்தளத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஊருக்கெல்லாம் ரெண்டு பூச்சு அடிச்சேன், எனக்கு ஒண்ணுதான் விதிச்சிருக்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவளைக் கூப்பிட அவர் வாயைத் திறப்பதில்லை. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். டங், டங். தலையணை நகர்ந்தால் டங். ஈ உட்கார்ந்தால் டங். அவள் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து டங். கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் காதில் அது கேட்கும்; கை தானாக மேஜையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கும்.

டங் கேட்டால் அவள் முகம் சுளிக்க மாட்டாள். ஊறவைத்த துணி முகத்தோடு வருவாள், செய்ய வேண்டியதைச் செய்வாள், போவாள். அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க அவளுக்கு நேரம் ஏது?

தெருவே அவளைப் புகழ்ந்தது. எல்லாரையும் மிஞ்சியவள் நாத்தனார். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், வாரத்தில் ஒருநாள் அண்ணனைப் பார்க்க வருவாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அண்ணி மாதிரி ஒருத்தி இந்த உலகத்துல உண்டா? பூமாதேவி" என்பாள். படுக்கை விரிப்பை மாற்றும் நேரம் வந்ததும் எழுந்து போய்விடுவாள். பூமாதேவி என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவள்மேல் எத்தனை மூட்டையை இறக்கினாலும் யாருக்கும் குற்றவுணர்ச்சி வராது. மைக்கக்காவுக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்கிறபோதெல்லாம் வெளியே யாரோ தாழ்ப்பாள் போடுகிற மாதிரி இருக்கும்.

அவளுக்கென்று இருந்தது வாரத்தில் ஒரு மணி நேரம். இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரு கூடத்தில் ஒரு இளம் துறவி வகுப்பு நடத்தினார். கடைக்கோ சினிமாவுக்கோ போகிறேன் என்றால் நாத்தனார் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார மாட்டாள். சாமி விஷயம் என்றால் வருவாள், அவளுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டல்லவா! உள்ளதைச் சொன்னால், மைக்கக்கா முதலில் அங்கே போனது சாமிக்காக அல்ல. டம்ளர் சத்தம் கேட்காத இடம் என்பதற்காக.

துறவிக்கு அவள் மகனைவிட வயது குறைவு. வருஷம் முழுக்க ஜலதோஷம். காவி மேல்துண்டில் ஒரு முனை மூக்குக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குளிரும் வெயிலும் உடம்பில் பட்டுப் போகிற மாதிரி சுகமும் துக்கமும் மனசில் பட்டுப் போகும், எதுவும் தங்கப்போவதில்லை, வருகிறதைத் துரத்தாதே, போகிறதைப் பிடித்து இழுக்காதே, பொறுத்துக்கொள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பழைய உபதேசம். கேட்டபோது மைக்கக்காவுக்கு ஒரு பெருமை. இதைத்தானே நாம் நாளெல்லாம் கூண்டுக்குள் செய்கிறோம்! நல்ல சேதி, கெட்ட சேதி, இரண்டுக்கும் ஒரே முகம். படிக்காமலே பரீட்சையில் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெருமையை அவரிடமே சொன்னாள். கூண்டையும் சொன்னாள், துணி ஊறவைக்கிற வித்தையையும் சொன்னாள். இப்போதெல்லாம் தனக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை என்றாள். கைதட்டுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மரத்துப்போன காலுல முள்ளு குத்தினா வலிக்காது. அதை யாராவது பொறுமைன்னு சொல்வாங்களா? வலிக்கணும், அப்பறம்தான் பொறுத்துக்கறது. அதுவும் பாதிப் பாடம்தான். சந்தோஷத்தையும் பொறுத்துக்கத் தெரியணும்னு இருக்கு, அதை யாரும் கேக்கறதே இல்லை."

மைக்கக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆயிற்று. உதாரணம் சொல்ல இந்தப் பிள்ளைக்கு வேறு காலே கிடைக்கவில்லையா? வீட்டில் மரத்துப்போன இரண்டு கால்களைத் தினமும் எண்ணெய் தடவித் திருப்பிப் போடுகிறவளிடம் வந்து இதைச் சொல்வதா? சந்தோஷத்தைப் பொறுத்துக்கொள்வதாம்! வந்தால்தானே பொறுப்பதற்கு! குடும்பம் குட்டி இல்லாதவனுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் மனசுக்குள் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரங்களில் வகுப்புக்குப் போகவில்லை. அந்த ஒரு மணி நேரமும் போயிற்று.

இந்த நிலையில்தான் பெயிண்டருக்கு வயிற்றுவலி வந்தது. கட்டி என்றார்கள். அதே மருத்துவமனை, அதே பெரிய டாக்டர். தெரிந்தவள் என்பதால் அவளை உட்காரவைத்தே பேசினார். கட்டியை எடுக்காவிட்டால் வலியிலேயே கொஞ்ச காலம், எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் வருஷக்கணக்காகப் படுத்திருந்த உடம்பு, நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது, எந்தப் பக்கமும் சாயலாம் என்றார். பெயிண்டர் வெட்டச் சொல்லிவிட்டார். மகன் தூரத்து ஊரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர முடியும் என்றான்.

ஆபரேஷன் அன்று காலை அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். வழக்கத்தைவிட அதிகமாகப் பார்த்தார். அவளுக்குள் ஏதோ கிளம்பி வந்தது. என்னவென்று தெரியும் முன்பே மனசு பழக்கத்தில் வாளியைத் திறந்து துணியை அமுக்கிவிட்டது. "பயப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாள். மைக்கில் பேசுகிற அதே குரல். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டி உள்ளே போயிற்று.

அன்றைக்கு அவளுக்கு விடுப்பு. கூண்டுக்குள் உட்கார்ந்தவள் வாயாடி. வாயாடி என்பது எல்லாரும் வைத்த பெயர். வார்டில் ஆயாவாக இருந்தவள், நாற்பது வயதுக்காரி, வாயும் முகமும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. மைக்கக்கா விடுப்பு எடுத்தால் உட்கார ஒரு ஆள் வேண்டுமென்று அவளைப் பழக்கச் சொல்லியிருந்தார்கள். படாத பாடு பட்டு மைக்கக்காதான் பழக்கினாள். ஊறவைத்த துணியைச் சொல்லிக்கொடுத்தாள். மேஜைக்குக் கீழே தண்ணீர் குடிப்பதைச் சொல்லிக்கொடுத்தாள். ரத்தத்தில் இல்லாத மௌனத்தை ஊற்றி ஊற்றி, ஒருவழியாக வாயாடியின் முகமும் படுத்துவிட்டது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

மைக்கக்கா முதல்முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு இவ்வளவு கடினமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நாத்தனார், கண்ணை மூடி உதட்டை அசைத்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே கண்ணைத் திறந்து, "அண்ணியைப் பாருங்க, அசையறாங்களா பாருங்க, பூமாதேவி" என்று அடுத்த பெஞ்சுக்காரர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள்.

கூண்டில் போன் அடித்தது. கூடம் மூச்சைப் பிடித்தது. வாயாடி எடுத்துக் காதில் வைத்தாள். மைக்கக்கா அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும், அவளே செய்து கொடுத்தது. ஆனாலும் பார்த்தாள். கண்ணோரத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். கை கண்ணாடியைத் துடைக்கிறதா என்று பார்த்தாள். அதெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று இந்த உலகத்திலேயே உறுதியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்படியும், வாயாடி மேஜைக்குக் கீழே குனிந்தபோது பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தண்ணி குடிக்கிறா, தண்ணி குடிக்கிறா என்று மனசு அடித்துக்கொண்டது. வாயாடி நிமிர்ந்து வேறு யாரோ ஒருவரின் கட்டிலைக் கூப்பிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. வெளியே ஒன்றும் நடக்கவில்லை, அவளுக்குள் நடந்தது. எந்தச் சேதி வரவேண்டும் என்று நீ நினைக்கிறாய் என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி. கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அவர் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்தாள். டம்ளர் அலமாரியில் கவிழ்ந்திருக்கும். வாளியில் அவளுடைய துணி மட்டும் ஊறும். தினம் அவள் ஏறுகிற பஸ் மருத்துவமனையைத் தாண்டி எங்கேயோ போகிறது. கடைசி நிறுத்தம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை. ஒருநாள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்து போகலாம். நினைத்ததும் நெஞ்சுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வந்த சந்தோஷம், வந்த நேரத்தைப் பாருங்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டின புருஷன் வயிற்றைத் திறந்து வைத்துக் கிடக்கும்போது பஸ்ஸில் ஊர் பார்க்கப் போகிறாளே, இவளா பூமாதேவி?

அந்தக் கூச்சம் அடங்குவதற்குள், தெருமுனைச் சீட்டிச் சத்தம் காதில் கேட்டது. அது நின்றுபோய் எத்தனை வருஷம்! இனிமேல் அந்தச் சீட்டி அடித்த வாய்கூட இருக்காது என்று தோன்றியது. போகவேண்டாம், போகவேண்டாம் என்று கெஞ்சினாள். இரண்டையும் நினைத்தது ஒரே ஆள்தான். அதுவும் ஒரே மூச்சில். எழுந்து ஓடவும் முடியாது. எங்கே ஓடினாலும் அந்த மனசையும் தூக்கிக்கொண்டுதானே ஓட வேண்டும். பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலித்தது. மரத்துப்போனது என்று அவள் நினைத்திருந்த இடமெல்லாம் வலித்தது.

"ஒம்பதாம் கட்டில் கூட வந்தவங்க கதவுகிட்ட வாங்க. டாக்டர் பேசுவார்."

அது அவர்களுடைய கட்டில். நாத்தனார் கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். மைக்கக்கா மட்டும் நடந்தாள். கூண்டைத் தாண்டும்போது வாயாடியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வேண்டாம், ஒரு கண் அசைவு போதும். வாயாடி நல்ல மாணவி. அசையவில்லை.

கதவுக்குப் பின்னால் டாக்டர், கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, நுரையீரலும் ஒத்துழைத்தது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் பல வருஷம் இருப்பார் என்று சொல்லிச் சிரித்தார். மைக்கக்கா சரிங்க டாக்டர் என்றாள். அவள் மன உறுதியை அவர் மெச்சிக்கொண்டு போனார்.

அவள் நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். அழலாம், யாரும் பார்க்கவில்லை. அழுகை வரவில்லை. சிரித்துப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. கண்ணாடியில் ஊறவைத்த துணி அவளையே பார்த்தது. உள்ளே இரண்டும் கத்திக்கொண்டிருக்கிறது, வெளியே வர வழி இல்லை. விரலால் வாயோரத்தைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். விட்டதும் பழைய இடத்துக்கே போயிற்று. அவளுக்கு அன்றைக்குத்தான் உண்மையாகவே பயம் வந்தது. கூண்டு இரண்டாவது மாடியில் இருக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

மறுநாள் பெயிண்டர் நன்றாகக் கண் விழித்துவிட்டார். தையல் நீளமாகப் போட்டிருந்தார்கள். இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது, வந்தால் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். அறையில் அவர்கள் இருவர் மட்டும். அவர் ரொம்ப நேரம் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பூச்சு நல்லா அடிச்சிருக்கான்" என்றார்.

அவள் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் பொழச்சு வந்ததுல உனக்குச் சந்தோஷமா, கஷ்டமா?"

அவள் கை நின்றுவிட்டது.

"தெரியாமத்தான் கேக்கறேன். பத்து வருஷமா உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. ஒண்ணும் தெரியல. ஈ உக்காந்ததுக்கெல்லாம் எதுக்குத் தட்டறேன்னு நினைச்சே? ஒருதடவை மூஞ்சியைச் சுளிக்க மாட்டியா, ஒருதடவை சிரிக்க மாட்டியான்னுதான். நேத்து உள்ள தள்ளிட்டுப் போறப்பகூடப் பாத்தேன். நான் வரணுமா, போகணுமான்னு அதுல இல்லை."

அவளுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அப்படியென்றால் இந்த மனிதரும் இத்தனை வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சேதி தெரிந்தவள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க, தன் கட்டிலைக் கூப்பிடுவாளா என்று பார்த்துக்கொண்டே. ஒரு நாள் உட்கார்ந்ததற்கே அவளுக்கு உயிர் போயிற்று. அவர் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிறார்.

மனசுக்குள் வாளி பக்கத்திலேயே இருந்தது. துணியும் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், சந்தோஷம்தாங்க என்று மைக் குரலில் சொல்லிவிடலாம். அவள் அமுக்கவில்லை.

"ரெண்டும்தாங்க" என்றாள்.

சொன்ன குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நேத்து பெஞ்சுல உக்காந்து, நீங்க போயிட்டா எங்கெங்க போகலாம்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துச்சு. உடனே, நீங்க இல்லாம போயிடுவீங்களேன்னு உசுரே போச்சு. ரெண்டும்தான் நினைச்சேன். நான் பாவி."

அவர் மேல்தளத்திலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தார்.

"உள்ள போறப்ப நானும் ரெண்டும்தான் நினைச்சேன்" என்றார். "திரும்பி வரவே கூடாதுன்னு ஒண்ணு. வந்து உன்னை இன்னொரு தடவை பாக்கணும்னு ஒண்ணு."

அவள் முகம் உடைந்தது. அழகாக ஒன்றும் உடையவில்லை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, உள்ளே இருந்த வருஷமெல்லாம் ஒரே சமயத்தில் வாசலில் முண்டியடித்துக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே நுழைந்தாள். கையில் பிளாஸ்க். அண்ணி அழுது அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மைக்கக்காவே அழுகிறாள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தானே இருக்க முடியும்? பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டியா அண்ணா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாழ்வாரத்திலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள்.

பெயிண்டர் மெல்லத் தலையைத் தூக்கினார். "நான் இன்னும் போகலடி. அந்த பிளாஸ்கை எடு, உள்ள இருக்கிறது கொட்டிடப்போகுது" என்றார்.

மைக்கக்கா அழுதுகொண்டிருந்த வாயோடு சிரித்துவிட்டாள். வேலைக்கு வந்த புதிதில் சிரித்தாளே, பல்லெல்லாம் தெரிய, அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் அவருக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, தையலு, தையலு" என்று துடித்தார். வலி ஒரு பக்கம் இழுக்கிறது, சிரிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, இரண்டையும் நிறுத்த அவரால் முடியவில்லை. அவள் தலையணையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்து, தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பொறுத்துக்குங்க, பொறுத்துக்குங்க" என்றாள். இருமலுக்கும் வலிக்கும் எத்தனையோ தடவை அவரிடம் சொன்ன வார்த்தைதான். சிரிப்புக்காகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜலதோஷச் சாமி அங்கே இருந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. அவர் அதே கட்டிலுக்குத்தான் திரும்பி வந்தார், மேல்தளம் அதே ஒரு பூச்சோடுதான் இருந்தது. மகன் நாலு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினான். பஸ் இன்னும் மருத்துவமனையைத் தாண்டிப் போகிறது, அவள் இன்னும் அங்கேயேதான் இறங்குகிறாள். கூண்டுக்குள் போன் அடித்தால் இன்றைக்கும் துணியைத்தான் நினைத்துக்கொள்கிறாள். கூடத்துக்கு அது தேவை.

போன வாரம் ஒரு சாயங்காலம், உட்கார்ந்து உட்கார்ந்து வீங்கிய காலோடு வந்து, சோற்றைத் தட்டில் போட்டு உட்கார்ந்தாள். முதல் கவளம் வாய்க்குப் போகும் முன் உள்ளறையிலிருந்து டங், டங்.

"வரேன், வரேன். உயிரை வாங்காதீங்க. ஒரு வாய் சோறு திங்க விடறீங்களா?" என்று கத்திக்கொண்டே எழுந்து, எச்சில் கையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எரிச்சல் இருந்தது, அசதி இருந்தது. எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லை, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.